மூன்றா, பதினைந்தா

சலவைப் பிரிவு அக்காவின் நுரையீரல் என் திரையில் தணலாய்க் கனன்றது. தொற்று வார்டின் விரிப்புகளையெல்லாம் துவைத்துப் போட்டு, அந்த வைரஸைத் தானும் வாங்கிக்கொண்டவர். ஏழு மாதமாகியும் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாததால் நடிக்கிறார் என்று பட்டம் கட்டிவிட்டார்கள். இந்த ஸ்கேன்தான் கடைசி வாய்ப்பு. ஊசியில் ஏற்றிய கதிர்மருந்து வீக்கமுள்ள இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் ஒளிரும். ஒளிர்ந்தால் சம்பளத்தோடு ஓய்வு. இல்லையென்றால் திங்கட்கிழமை மறுபடி அந்த நீராவிக்குள் போகவேண்டும்.

பெரிய டாக்டர் பல்லைக் குத்திக்கொண்டே வந்து என் பின்னால் நின்றார்.

"அளவை ஏத்துப்பா. பதினஞ்சுல வை."

வைத்தேன். தணல் அவிந்து சாம்பலாகிவிட்டது. எந்த எண்ணில் படம் முழுதாய் ஒளிரவேண்டும் என்று குறிக்கும் உச்ச அளவு அது. இறக்கினால் சின்னப் புண்ணும் ஜொலிக்கும். ஏற்றினால் பெரிய புண்ணும் மறைந்துபோகும்.

"பாத்தியா, ஒண்ணுமே இல்ல. இவங்களுக்கு ஓய்வு குடுத்தா நாளைக்கு மொத்தச் சலவைப் பிரிவும் இருமிக்கிட்டு வந்து நிக்கும். ஓரத்துல இருக்கற அளவு எண்ணை வெட்டிட்டு அச்செடு."

குத்திய குச்சியை என் மேசையிலேயே போட்டுவிட்டுப் போனார். அதைக் காகிதத்தால் எடுத்துக் குப்பையில் போட்டேன். சொன்ன உடனே பதினைந்தில் வைத்த என் விரலையும் துடைத்துக்கொண்டேன்.

போன வருஷம் பெரிய டாக்டருக்கும் இதே வைரஸ். இதே ஸ்கேன். கடுகளவு புள்ளி ஒன்று. "இறக்கு, இன்னும் இறக்கு" என்று மூன்று வரை இறக்கவைத்து, அதை விளக்காக எரியவிட்டு, மூன்று மாதம் ஓய்வு வாங்கிக்கொண்டார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

கதவருகே அக்கா எட்டிப்பார்த்தார்.

"தம்பி, ஏதாச்சும் தெரியுதா? தெரியலன்னா நான் பொய் சொன்னதா ஆயிடும்பா."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார்.

அளவை மூன்றுக்கு இறக்கினேன். எண்ணை வெட்டாமல் அச்செடுத்துக் கொண்டுபோய்ப் பெரிய டாக்டரிடம் நீட்டினேன். அவர் முகம் கடுகடுத்தது.

"மூணுல வைக்க யாருய்யா சொன்னது?"

"நீங்கதான் சார். போன வருஷம், உங்க படத்துக்கு. அதையும் கூடவே வச்சிருக்கேன்."

இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஓய்வுத் தாளில் கையெழுத்துப் போட்டார். "கெட்டிக்காரன்பா நீ" என்று சிரித்தபடி என் தோளைத் தட்டினார், ஏதோ நானும் அவரும் ஒரே கட்சி என்பதுபோல.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தச் சட்டையைக் கழற்றி ஊறப்போட்டேன்.