நகல்: லீலாவதி

ஃபயர்வாலைப் போட்ட சுந்தரேஷ், தான் நுழையும் வழியைத் திறந்துவைக்க மறந்துவிட்டார். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. இருபத்தெட்டு வருடமாக வடக்கே அரசாங்கக் கம்ப்யூட்டர்களைக் கட்டிக் காத்துவருகிறவர், வாடகைக்கு எடுத்த சர்வருக்கு வெளியே தானே நின்றுகொண்டிருந்தார்.

சர்வரை வாடகைக்கு விட்ட கம்பெனியின் இணையப் பக்கத்தில் இதுபோன்ற புத்திசாலிகளுக்கென்றே ஓர் அவசரவழி உண்டு. அரை மணிநேரம் போராடி உள்ளே போனார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் கவிப்ரியாவுக்கு அந்த சர்வரிலிருந்துதான் வாராவாரம் தமிழில் மெயில் எழுதுவார். நகல், மனைவி லீலாவதிக்கு. திங்கட்கிழமை மகளிடமிருந்து இங்கிலீஷில் பதில் வந்துவிடும். எந்த ஜோக்குக்குச் சிரித்தாள் என்பதுகூட அதில் இருக்கும். தை மாதம் லீலாவதி தவறிப்போனாள். அதோடு பதிலும் நின்றது.

சின்ன சர்வரிலிருந்து வரும் மெயிலைப் பெரிய கம்பெனிகள் சந்தேகப்பட்டுக் குப்பையில் தள்ளும். அதனால் பெயர்ப் பதிவைத் திருத்தினார், கையொப்பச் சாவியை மாற்றினார். உதவி மையத்துப் பையன் ஒவ்வொரு முறையும், "சௌபீஸ் கண்டே தேக்கியே, சார்," இருபத்துநாலு மணிநேரம் பொறுத்துப் பாருங்கள், என்றான். அந்த இருபத்துநாலு மணிநேரம் ஏழு மாதமாகியும் முடியவில்லை. மெயில் கிடைத்ததா என்று மகளையே கேட்டிருக்கலாம்தான். கிடைத்தது என்று சொல்லிவிட்டால்?

சர்வரின் பதிவேட்டைப் பார்த்தார். தைக்குப் பிறகு எழுதிய முப்பத்தொரு மெயில்களும் போய்ச் சேர்ந்திருந்தன. லீலாவதியின் பெட்டியிலும் முப்பத்தொன்று, திறக்கப்படாமல். பதில் போடாததற்கு நியாயமான காரணம் உள்ளவள் அவள் ஒருத்திதான்.

போனை எடுத்தார்.

"சாப்டியா கவி?"

"சாப்டேன்ப்பா."

"சர்வர்ல ஏதோ கோளாறு. என் மெயில் உனக்கு வரதில்லபோல."

"நெட்வொர்க் கொஞ்சம்..." என்று இழுத்தாள்.

"கோவமா இருந்தா சொல்லிடும்மா. நான் பாட்டுக்கு இங்க சர்வரைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டிருக்கேன்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"கோவம்லாம் இல்லப்பா. எல்லாம் வந்துச்சு. மெஷின்ல போட்டு இங்கிலீஷ்ல படிச்சேன், அதுல நீங்களே இல்ல. எனக்குத் தமிழ் படிக்க வராதுப்பா. சண்டே தமிழ் கிளாஸ்ல சும்மா உக்காந்துட்டு வந்துடுவேன். நீங்க ஆபீஸ் போனதும் அம்மாதான் போன்ல படிச்சுக் காட்டுவாங்க."