மேஜைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு சிறுத்தை

பொம்மிடி ஸ்டேஷன் மாஸ்டரின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த ஆந்தையைக் காணவில்லை. சாவி வாங்க உள்ளே வந்த பார்சல் கிளார்க் சவுரியப்பன், நீட்டிய கை நீட்டியபடியே நின்றுவிட்டார். கூட்ஸ் ஷெட் கூரை இடுக்கில் குடியிருந்த அந்த ஆந்தையை, அதன் முகத்தில் வெயில் விழும் நேரம் பார்த்து, ஏணிமேல் நின்று தம் பெட்டிக் கேமராவில் பிடித்தவர் அவர்தான். சேலத்து ஸ்டூடியோவில் பெரிதாக்கி வாங்கி வந்த நாள் முதல், அந்த அறைக்கு வந்த எந்த அதிகாரியும் யார் எடுத்தது என்று கேட்காமல் போனதில்லை. இப்போது அதே இடத்தில் ஒரு சிறுத்தை பாறைமேல் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தது.

"நம்ம டிராயிங் வாத்தியார் குப்புராஜ் எடுத்ததுய்யா. வத்தல்மலை அடிவாரமாம். உசுரோட நிக்குது பாரு!" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். ஆந்தை எங்கே போனது என்று அவர் சொல்லவில்லை.

சவுரியப்பன் சாவி வாங்காமலே திரும்பிவிட்டார். கேமரா வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்ட குப்புராஜைச் சேலத்துக்கு அழைத்துப்போய்க் கடையைக் காட்டியதே அவர்தான். நேற்று முளைத்தவன்! ஓணான், மரங்கொத்தி, கிணற்றுப் படியில் ஆமை என்று அவர் வருஷக்கணக்காகச் சேர்த்ததையெல்லாம் ஒரே படத்தில் விழுங்கிவிட்டான். இத்தனைக்கும் அந்தச் சிறுத்தை கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் விழுந்திருந்தது. என்ன செய்ய, நகம் அளவு இருந்தாலும் சிறுத்தை சிறுத்தைதான். எத்தனை பெரிதாக விழுந்தாலும் ஆந்தை ஆந்தைதான்.

மத்தியானம் பார்சல்களுக்கு முத்திரை வைக்கும்போது அந்த எண்ணம் வந்தது. உயிருள்ள சிறுத்தை இப்படி ஆடாமல் அசையாமல் போஸ் கொடுக்குமா? குப்புராஜ் சித்திரையில் உறவுக்காரர் கல்யாணத்துக்கு மெட்ராஸ் போய் வந்தவன். அங்கே மியூசியத்தில், தோலுக்குள் வைக்கோல் அடைத்துப் பாடம் பண்ணிய சிறுத்தை ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருக்கிறார். அதை எடுத்துவிட்டு வத்தல்மலை என்று கதை விடுகிறான்! நினைக்க நினைக்க மனசு லேசானது. அன்று இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டார்.

ரயில்வேக்காரர்களுக்குக் கிடைக்கும் இலவச பாஸில் அந்த வருஷம் வேளாங்கண்ணிக்குப் போவதாக மனைவி சின்னம்மாளிடம் சொல்லியிருந்தார். இப்போது அதை மெட்ராஸுக்கு எழுதி வாங்கினார்.

"செத்த சிறுத்தையப் பாக்கறதுக்கா மாதாவ வுட்டுட்டுப் போறீங்க?" என்றாள் சின்னம்மாள். "புலியப் பாத்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதையா இருக்குதுங்க."

"ஒருத்தன் பொய்யப் புடிக்கத்தான் போறேன். மாதாவுக்கும் சந்தோஷந்தான்."

பொய் பிடிபடவில்லை. மியூசியத்துச் சிறுத்தை பதுங்கி உட்கார்ந்து, பார்ப்பவர் முகத்துக்கு நேராகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து நிற்கும் சிறுத்தை அந்தக் கட்டிடத்திலேயே இல்லை. ஆக, அவன் உண்மையாகவே காட்டில் போய் நின்றிருக்கிறான். குப்புராஜ் பொய்யனாக இருந்திருந்தால் சவுரியப்பன் மன்னித்துக்கூட விட்டிருப்பார். இதை எப்படி மன்னிப்பது? ஜெர்மன் சண்டை தொடங்கியதிலிருந்து பிலிம் கிடைப்பதே அரிது. இருந்தும், இவ்வளவு தூரம் வந்ததற்கு என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டு, ஒரு ஸ்டூல்மேல் கேமராவை வைத்தார். கிட்டே போனால் படம் கலங்கிவிடும் என்பதால் பத்தடி தள்ளியே வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார்.

சேலத்திலிருந்து படம் வந்தபோது கவரைப் பிரித்தவர் ஸ்டேஷன் மாஸ்டர். "அடேயப்பா! பல்லக் காட்டுதேய்யா! இதுவும் வத்தல்மலையா?"

சவுரியப்பன் வாயைத் திறப்பதற்குள் போர்ட்டர்கள் கூடிவிட்டார்கள். "ஓரத்துல வெள்ளையா கோடு மாதிரி என்னங்க?" என்று கேட்டான் போர்ட்டர் நாகன். மியூசிய ஜன்னலின் வெளிச்சம் சிறுத்தை இருந்த பெட்டியின் கண்ணாடியில் பட்டு விழுந்த கோடு அது.

"அருவிடா, தெரியல?" என்று ஸ்டேஷன் மாஸ்டரே பதில் சொன்னார்.

சவுரியப்பன் உண்மையைச் சொல்லத்தான் இருந்தார். அதற்குள் மேஜைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டார்கள். குப்புராஜின் சிறுத்தை வெளியே வந்தது, இவருடையது உள்ளே போனது. அதைக் கண்ணால் பார்த்த பிறகு எவன் வாய் திறப்பான்?

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த குப்புராஜ் மேஜைமேல் குனிந்து வெகுநேரம் பார்த்தான். அவன் முகம் சுண்டிப்போனது. அந்த முகத்தைச் சவுரியப்பனுக்கு நன்றாகத் தெரியும். ஆந்தை காணாமல்போன அன்று அவருக்கே இருந்த முகம். பார்க்க இனித்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

"எவ்ளோ தூரத்துலருந்துங்கண்ணா எடுத்தீங்க?"

"பத்தடி இருக்கும்." சத்தியமான உண்மை.

"நான் பயந்துக்கிட்டு ஓடைக்கு இந்தப் பக்கமே நின்னுட்டனுங்கண்ணா. பத்தடியில அது ஒண்ணும் பண்ணலீங்களா?"

"சும்மாதான் இருந்துச்சு." அதுவும் உண்மை. பொய்யே சொல்லாமல் ஒரு மனிதன் இவ்வளவு பொய்யனாக முடியும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிளாட்பாரத்தில் ஆட்டுக்குட்டி கத்தும் சத்தம் கேட்டது. பார்சல் என்று நினைத்து வெளியே வந்தார். தோளில் கேமராவும் கையில் குட்டியின் கயிறுமாகக் குப்புராஜ் தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

"எங்க வாத்தியாரே?"

"வத்தல்மலைக்குங்கண்ணா. குட்டியக் கட்டிட்டுக் கிட்டத்துலயே ஒக்காந்துக்கறேன். சும்மாதான் இருக்கும்னு நீங்களே சொன்னீங்கல்ல." சிரித்தான். பயந்தவன் சிரிக்கிற சிரிப்பு அது.

அவன் நடந்தான். சவுரியப்பன் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தைதான்: அது செத்த சிறுத்தை. சொன்னால் கண்ணாடி மறுபடி தூக்கப்படும். போர்ட்டர்கள் சிரிப்பார்கள். ஸ்டேஷன் மாஸ்டர், வருகிற போகிற அதிகாரிகளிடமெல்லாம் அருவியின் கதையைச் சொல்லுவார்.

"வாத்தியாரே!" பிளாட்பாரத்தின் ஓரம்வரை ஓடிவிட்டார்.

"என்னங்கண்ணா?"

"வெயில் முதுகுப் பக்கம் இருக்கற மாதிரி பாத்து ஒக்காருங்க."

"சரிங்கண்ணா," என்று குப்புராஜ் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மலைப்பாதையில் திரும்பினான்.

சவுரியப்பன் ஆளில்லாத மாஸ்டர் அறைக்குள் வந்து மேஜையருகே நின்றார். ஜன்னல் வெளிச்சம் மேஜைக் கண்ணாடியில் விழுந்து, படத்தில் இருந்த அருவிக்குப் பக்கத்திலேயே இன்னொரு வெள்ளைக் கோடாகக் கிடந்தது. உள்ளங்கையால் அதை மறைத்தார். கோடு அவர் கைமேல் ஏறியது. தண்டவாளத்துக்கு அப்பால் ஆட்டுக்குட்டி இன்னும் கத்திக்கொண்டே போனது.