லோசாவின் கட்டைவிரல்

மண்ணில் தோண்டிய குழியடுப்பின் மேல் மூடியிருந்த வாழையிலைகளை விலக்கி, பன்றி வெந்துவிட்டதா என்று குத்திப் பார்த்துக்கொண்டிருந்தான் பௌலியாசி. விடிந்ததிலிருந்து புகையிலேயே நின்றதில் கண்கள் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. அக்கா செத்த வீட்டில் தம்பிக்கு இடம் சமையல் கொட்டகைதான். டோங்காத் தீவுகளில் அதுதான் முறை. இடுப்பில் கிழிந்த பெரிய பாயைச் சுற்றிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஆக்கிப் போட வேண்டும். அவளைக் கிடத்தியிருக்கும் அறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது.

அதில் அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை. மீசை முளைத்த நாளிலிருந்து லோசா இருக்கும் அறைக்குள் அவன் காலடி வைத்ததே கிடையாது. அக்காவும் தம்பியும் ஒரே பாயில் உட்கார்ந்து அரட்டையடித்தால் ஊர் சிரிக்கும். எதிரெதிர் வீடுதான். வழியில் பார்த்துக்கொண்டால் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு நடையைக் கட்டுவார்கள்.

கைப்பேசி வந்த பிறகுதான் இருவருக்கும் வாய் திறந்தது. லோசா தன் குரலைப் பதிவு செய்து அனுப்புவாள். "டேய் பௌலி, உன் பன்னி என் கிழங்குக் கொல்லையில மேயுது. நாளைக்கு என் தட்டுல கெடக்கும், ஆமா!" என்பாள். தெருவுக்கு அந்தப் பக்கம் அவள் சிரிக்க, இந்தப் பக்கம் இவன் சிரிப்பான். அப்படியொரு ஒட்டுதல். அதெல்லாம் நேற்று இரவோடு முடிந்துபோனது.

காலித் தட்டுகளை ஏந்திக்கொண்டு அவன் மனைவி ஆகனேசி ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"ஏங்க, உள்ள ஒரே கூத்தா இருக்கு. சிசிலியா அவ அம்மா ஃபோன வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. என்னென்னவோ நம்பர் போட்டுப் பாத்தாளாம், தெறக்கலையாம். அம்மா கட்டைவிரல வெச்சா தெறந்துக்கும், பொட்டியில வெக்கறதுக்குள்ள வெச்சுப் பாத்துடணும்கறா."

"எதுக்காம்?"

"அம்மா குரல் வேணுமாம். பாவங்க! ஆக்லாந்துல ப்ளேன் ஏறும்போது இருந்த உசுரு, எறங்கும்போது இல்ல. வேற என்னத்தக் கேக்குது அந்தப் புள்ள?"

ஆகனேசி தட்டுகளைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"பாடிக்கிட்டிருந்த பொம்பளைங்க பாதிப் பேரு வாய மூடிட்டாங்க. ஒருத்தி மொகத்துலயும் ரத்தமில்ல. எனக்குமே..." என்றவள் நிறுத்திக்கொண்டாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்தாள். என்னவென்று அவன் கேட்கவில்லை.

லோசா இந்த ஊர் மருத்துவ நிலையத்தில் நர்ஸாக இருந்தவள். ஊர்ப் பெண்களில் புருஷன் கையால் அடி வாங்கியவள், வீட்டில் சொல்ல முடியாமல் வயிற்றில் தாங்கியவள், காயத்தைப் படம் எடுத்து மருந்து கேட்டவள், எல்லாருக்கும் அவள் கைப்பேசிதான் கதி. போன வாரம் படுக்கையிலிருந்து அவள் அனுப்பியது பௌலியாசிக்கு மனப்பாடமாகிவிட்டது. "பௌலி, நான் போனப்புறம் சிசிலியா என் ஃபோனக் கேப்பா. விட்டுடாத. அதுல கெடக்கறது என் கதை இல்லடா, ஊர்ப் பொண்ணுங்க கதை. என்ன நம்பிச் சொன்னாங்க. நான் செத்தேங்கறதுக்காக அது தெருவுக்கு வரலாமா? அவ அழுவா. என் தங்கம் அழுதா எனக்குத் தாங்காதுன்னு சொல்லு. பக்கத்துல இருந்து சாப்பிட வை. பசியில அவளுக்கு அழுகை ஜாஸ்தியாயிடும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள் மகராசி. ஆனால் எப்படி விடாமல் இருப்பது? அந்த வீட்டில் அவன் சொல்லுக்கு மதிப்பில்லை. போதாக்குறைக்கு, அக்கா மகள் கேட்டதைத் தாய்மாமன் மறுக்கவும் கூடாது.

கரண்டியைப் போட்டுவிட்டு நடந்தான்.

"ஐயோ, நீங்க உள்ள போகக் கூடாதுங்க!" என்று ஆகனேசி பின்னாலேயே வந்தாள்.

வாசலில் குனிந்து, தவழ்ந்தபடியே உள்ளே போனான். பாட்டு நின்றுவிட்டது. லோசாவின் தலைமாட்டில் அத்தை மகள் ஃபூசி விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். அந்த முறையில் இந்தச் சாவுக்கு அவள்தான் தலைவி. அவள் வைத்ததுதான் சட்டம்.

"டேய்! புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? பன்னிய விட்டுட்டு இங்க என்னடா வேலை?"

"திட்டுக்கா. அப்புறமா எவ்வளவு வேணாலும் திட்டு."

சிசிலியா அம்மாவின் கையைத் தூக்கிக் கைப்பேசியில் வைக்கப்போனாள். பௌலியாசி அந்தக் கையை வாங்கிக்கொண்டான். கட்டைவிரலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டான். லோசாவின் கை சில்லென்று இருந்தது. இவ்வளவு சின்னக் கையா என்று நினைத்தான்.

"விடுங்க மாமா," என்றாள் சிசிலியா. "நான் கேட்டா நீங்க தரணும்தானே?"

"என்னுது எது வேணாலும் எடுத்துக்க தாயி. வீட்ட எடுத்துக்க, பன்னிய எடுத்துக்க. இது என்னுது இல்ல. ஒன்னோடதும் இல்ல."

"எங்கம்மா குரல ஒரே ஒரு தடவ கேக்கணும் மாமா. ஒரே ஒரு தடவ."

அவன் மற்ற கையால் பாய்க்குள் துழாவித் தன் கைப்பேசியை எடுத்து, அக்கா கடைசியாக அனுப்பியதைத் தேடி வைத்து நீட்டினான்.

"காதுல வெச்சுக் கேளு. சத்தமா வேணாம்."

அவள் காதோடு அழுத்திக்கொண்டாள். முதலில் கண்ணை மூடினாள். நடுவில் வாயைப் பொத்திக்கொண்டாள். முடிந்ததும் மறுபடி போட்டாள். அதற்கப்புறமும் போட்டாள். அறையில் ஒருவரும் அசையவில்லை.

"என்னடி சொல்றா?" என்றாள் ஃபூசி, பொறுக்கமாட்டாமல்.

"எனக்குச் சொன்னது பெரியம்மா," என்றாள் சிசிலியா. கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் கைப்பேசியை எடுத்து ஃபூசியின் மடியில் வைத்தாள். "மாமா, எனக்குப் பசிக்குது."

ஃபூசி கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுற்றியிருந்த பெண்களை ஒருமுறை பார்த்தாள். யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"இந்தச் சாவுல நான் எத வேணாலும் எடுத்துக்கலாம். இத எடுத்துக்கிட்டேன்," என்று சொல்லி, அதை லோசாவின் முதுகுப் பக்கம் பாய்க்கடியில் செருகினாள். "அவளோடயே போகட்டும். என்னடி எல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு? பாடுங்க!"

பாட்டு எழுந்தது. காலையிலிருந்து பாடியதைவிடச் சத்தமாகவே எழுந்தது.

பௌலியாசி மெல்லக் கையை எடுத்தான். லோசாவின் விரல்களிலெல்லாம், கட்டைவிரல் ரேகையே மறையும்படி, அடுப்புக் கரியும் கொழுப்பும் அப்பிக்கிடந்தன. ஒரு பெண் ஈரத்துணியோடு வேகமாக எழுந்து வந்தாள்.

ஃபூசி விசிறியை நீட்டி அவளைத் தடுத்தாள்.

"இருக்கட்டும்டி," என்றாள்.