நல்ல பிணத்துக்கு நாடி எதற்கு

டிவி சீரியல்களில் செத்துக் கிடப்பதற்கென்றே ஒருவர் இருந்தார். வசனம் கிடையாது, சண்டை கிடையாது, படுத்தால் பிணம். படப்பிடிப்புத் தளத்தில் எல்லோரும் அவரைப் பொணத்தண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை. மற்றவர்கள் அரைகுறையாகச் செத்துக் கிடப்பதைப் பார்த்தால்தான் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "கண்ணு துடிக்குது, தொண்டை ஏறி இறங்குது, இதெல்லாம் ஒரு சாவா?" என்று டிவியைத் திட்டுவார்.

கொஞ்ச காலமாக அவருடைய பிணம் இன்னும் மெருகேறியிருந்தது. மாடிப்படி ஏறினால் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார். சட்டென்று எழுந்தால் கண்ணைக் கட்டும். ஆனால் படுத்துவிட்டால் போதும், உடம்பு கல் மாதிரி கிடக்கும். ஒரு நாள் சும்மா தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். ஒன்று அடித்தது. அடுத்தது வருமா வராதா என்று நாம் யோசிக்கிற அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டு, ஆடி அசைந்து வந்தது. வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். நம் ஆளுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷ உழைப்புக்கு உடம்பே இறங்கி வந்து ஒத்துழைக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அவருடைய மனைவி அதே தளத்தில் காஸ்ட்யூம் பார்க்கிறவள். துணியை அயர்ன் பண்ணி, பட்டன் தைத்து, யாருக்கு எந்தச் சட்டை என்று எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. அவளிடம் இந்தப் பெருமையெல்லாம் செல்லாது. அவர் குளியலறையில் விழுந்த அன்று, "சோப்பு வழுக்கிடுச்சு" என்று சமாளித்துப் பார்த்தார்.

"சோப்பு காய்ஞ்சு கிடக்குது. நீங்க மயங்கித்தான் விழுந்திருக்கீங்க. கிளம்புங்க, டாக்டரைப் பார்க்கலாம்."

"பார்க்கலாம், பார்க்கலாம். இந்த வேலை முடியட்டும்."

இந்த வேலை லேசுப்பட்ட வேலை இல்லை. கதைப்படி, பல வருஷம் முன்னால் காணாமல்போன குடும்பத்துப் பெரியவர் பிணமாக வீடு வந்து சேர்கிறார். அவரை நடுக்கூடத்தில் போட்டுவிட்டு, வாரம் முழுக்க வீடே சொத்துக்காக அடித்துக்கொள்கிறது. இதுவரை ஒரு முழு எபிசோடுக்குக்கூட யாரும் நம் ஆளைக் கிடத்தியதில்லை. இந்த நேரம் பார்த்து டாக்டர் ஏதாவது மருந்து கொடுத்து, இதயத்தைத் துள்ளவிட்டுவிட்டால்? சட்டைக்குள்ளே நெஞ்சு டமடமவென்று ஆடினால்? பிழைப்பே போய்விடும். மயக்கத்தைவிட அந்தப் பயம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது. அதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஒத்திகையில்தான் முதல் தொல்லை வந்தது. மருமகளாக நடிக்கிற பெண் அவர் நெஞ்சில் தலை வைத்து அழ வேண்டும். "மாமா, எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தி, காதை இன்னும் அழுத்தி வைத்துக் கேட்டாள்.

"அண்ணே," என்று கிசுகிசுத்தாள். "உங்க நெஞ்சு அடிக்கவே மாட்டேங்குதே?"

"ரொம்ப நன்றிம்மா," என்றார் உதடு அசையாமல்.

"ஐயோ, நான் பாராட்டலண்ணே. ஒண்ணு அடிக்குது, அப்புறம் ஆளையே காணோம்."

"அங்க என்னம்மா ரகசியம்? செத்தவர்கிட்ட என்ன பேச்சு?" என்று டைரக்டர் கத்தினார். பாவம், அந்தப் பெண் கண்ணீரை வரவழைப்பாளா, அடுத்த துடிப்புக்குக் காத்திருப்பாளா? வசனத்தை மறந்து மறந்து திட்டு வாங்கினாள்.

டேக்கில் நடந்தது அவருக்குத் தெரியாது, பிறகு மற்றவர்கள் சொன்னதுதான். மருமகள் நெஞ்சில் சாய்ந்தாள். துடிப்புக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அவர் தலை தானாக ஒரு பக்கம் சரிந்து, வாய் திறந்துகொண்டது. "அண்ணே! அண்ணே!" என்று அவள் வீறிட்டாள். மாமா என்று அழ வேண்டியவள் அண்ணே என்று அலறுவதுகூட டைரக்டர் காதில் ஏறவில்லை, மனிதர் புல்லரித்துப்போய் நின்றிருந்தார். கட் சொன்னதும் தளமே கைதட்டியது. அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அதற்கும் சேர்த்துத் தட்டினார்கள்.

நினைவு திரும்பியபோது அவர் காதில் விழுந்தது அந்தக் கைதட்டல்தான். டைரக்டர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, பிரமாதம்! அந்தத் தலை சாஞ்சுது பாருங்க, வேற யாருக்கு வரும்? இதையே சைடுல இருந்து இன்னொண்ணு எடுத்துக்கலாம்." அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்து நனைந்திருந்தது. இருந்தாலும் பல்லெல்லாம் தெரிய மறுபடி படுத்துக்கொண்டார்.

அயர்ன் பாக்ஸ் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தாள் மனைவி. லைட்டு, கேமரா எதையும் சட்டை செய்யாமல் நேரே போய்க் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஃப்ரேம்ல இருக்கீங்க," என்றார் டைரக்டர்.

"இருந்துட்டுப் போறேன்." அவள் கணவரைப் பார்த்துத் திரும்பினாள். "என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க. இப்ப செத்தீங்களே, நீங்களா செத்தீங்களா, இல்ல அதுவா வந்துச்சா?"

நானாகத்தான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது அவருக்கு. அதைச் சொல்லிவிட்டால் இந்தக் கைதட்டல் ஆயுசுக்கும் அவருடையது. ஆனால் அவள் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, அடுத்த துடிப்பு எங்கே என்று விரலால் தேடிக்கொண்டிருந்தாள். எத்தனையோ சாவுக் காட்சிக்கு அசராமல் துணி எடுத்துக் கொடுத்தவள். அவள் இப்படிப் பயந்து அவர் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்து அவருக்கும் பயம் வந்துவிட்டது.

"அதுவா வந்துச்சு," என்றார். "எனக்கு ஒண்ணுமே தெரியல."

ஆஸ்பத்திரியில் நெஞ்சு முழுக்க ஒயரை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். இதய டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்க ஓட்டப்பந்தய வீரரா? அவங்க சிலருக்கு மெதுவா அடிக்கும், அதுல தொந்தரவு இருக்காது."

"இல்லீங்க. நான் படுக்கிறவன்."

மனைவி விவரம் சொன்னாள். டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா உங்க வேலை நிரந்தரமாகியிருக்கும். இதயத்தோட மேல் அறை, கீழ் அறைக்கு அடின்னு ஒரு மின்சாரத் தகவல் அனுப்பும். உங்களுக்கு அது வழியிலேயே நின்னுடுது. கீழ் அறை பார்த்துப் பார்த்துட்டு தானா மெதுவா அடிச்சுக்குது. சில நேரம் அதுவும் சும்மா இருந்துடுது. மூளைக்கு ரத்தம் போகாம விழறீங்க. தலை சுத்துது, படியேறினா மூச்சு வாங்குதுன்ன அன்னைக்கே வந்திருக்கணும். பேஸ்மேக்கர் வச்சாகணும்."

"வச்சா நெஞ்சு ஆடுமா டாக்டர்? பொணம் ஆடக் கூடாது."

மனைவி முறைத்த முறைப்பில் அவர் போர்வையை இழுத்துக்கொண்டார்.

"எனக்கும்தான் இதயம் அடிக்குது, என் கோட்டு ஆடுதா? நீங்க இத்தனை வருஷம் அடக்கினது மூச்சை. அது உங்க திறமை. இது வியாதி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க," என்றார் டாக்டரம்மா.

திறமை என்ற அந்த ஒரு வார்த்தைக்கு மனிதர் விழுந்துவிட்டார். அன்றைக்கே சம்மதம் சொன்னார். காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒன்றை வைத்துத் தைத்தார்கள்.

இதற்குள் சீரியலுக்கு வேறு தலைவலி. பாதிக் காட்சிதான் எடுத்திருக்கிறது, பிணம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறது. கதை எழுதுகிறவர் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் பெரியவர் சாகவே இல்லை என்று முடிவு கட்டினார். டாக்டரம்மா வேலைக்குப் போகலாம் என்று சொன்னதும் பொணத்தண்ணன் வந்து அதே கட்டிலில் படுத்தார். கண்ணைத் திறந்து, மருமகளைப் பார்த்து, "நான் உயிரோடத்தாம்மா இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அவர் வாழ்க்கையின் முதல் வசனம்.

கிடப்பதில் ஒரு குறையும் இல்லை, எப்போதும்போலக் கல். ஆனால் ஆக்‌ஷன் என்றதும் கண்ணைத் திறந்தவர் மருமகளை விட்டுவிட்டு, தளத்து ஓரத்தில் சட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். "நான் உயிரோடத்தாம்மா இருக்கேன்" என்றார். அவள் அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் பாருங்கண்ணே, மருமக இங்க இருக்காங்க," என்றார் டைரக்டர். அடுத்த டேக்கிலும் அவர் அந்தப் பக்கம்தான் பார்த்தார். அதற்கடுத்த டேக்கிலும். கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள், மருமகளைக் கை தட்டிக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் அலுத்துப்போய், கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் அயர்ன் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.