மூன்றாம் நம்பர் பிளக்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் ‘பெல்’. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இயக்குநர் ஏதோ ஒரு டாக்டரின் பெயரைச் சொல்லி, “ரிங் எ பெல்?” என்று கேட்டார். இவள் வாசல்வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, யாரும் மணி அடிக்கவில்லை சார் என்று பவ்யமாகச் சொன்னாள். அந்தப் பெயரைக் கேட்ட ஞாபகம் இருக்கிறதா என்பதுதான் கேள்வியாம். அதை அவளுக்கு யாராவது சொல்வதற்குள் மாடி முழுக்கச் சிரித்து முடித்துவிட்டார்கள். அதிகமாகச் சிரித்தவர் பக்கத்து மேஜைக்காரர். ஆமை வேகத்தில் நடப்பார் என்பதால் அவருக்கு ‘மின்னல்’ என்று பெயர்.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. மெஷினோடு வரும் கையேடுகளைக் கடகடவென்று படிப்பாள். ஆனால் இயக்குநர் பேசும் இங்கிலீஷ் வேறு ரகம். அதில் குதிரை வரும், பூனை வரும், ஒரு முறை யானைகூட வந்தது. தமிழில் ஒரு சொல் தெரியாத மனுஷன். பேசிக்கொண்டே நடப்பார், நடந்துகொண்டே போய்விடுவார். பெல் தலையை ஆட்டிவைப்பாள். மறுபடியும் கேட்டு எல்லோரும் சிரிப்பதைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை.

அவள் வேலை ஸ்டோரில். ரத்தம் அடைத்த குழாய்கள் வந்ததும் பெயர் ஒட்டி, பெட்டியில் அடுக்கி, ஃப்ரீசரில் வைக்க வேண்டும். ஆளுயர ஃப்ரீசர்கள், சுவரோரம் வரிசையாக நின்று நாளெல்லாம் உறுமிக்கொண்டிருக்கும். வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி இல்லை. உள்ளே மைனஸ் எண்பது டிகிரி.

அன்று சாயங்காலம் இயக்குநர் காதில் போனோடு ஸ்டோரைக் கடந்து போனார். போகிற போக்கில் திரும்பி, “வி ஆர் புல்லிங் த பிளக் ஆன் த்ரீ, டுடே” என்றார். ஸ்டோர் பக்கம் நீ பார்த்துக்கொள் என்று அதே மூச்சில் சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிவிட்டார்.

இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. புல் என்றால் இழு. பிளக் சுவரில் இருக்கிறது. மூன்று என்பது மூன்றாம் நம்பர் ஃப்ரீசர். குதிரையும் இல்லை, யானையும் இல்லை.

ஆனாலும் கதவைத் திறந்து பார்த்தபோது மனசு கேட்கவில்லை. உள்ளே பெட்டிகள் நிறைய இருந்தன. எல்லாம் பிறந்த குழந்தைகளின் ரத்தம். அவள் கையால் பெயர் ஒட்டி அடுக்கியவை. வேலை முடிந்திருக்கும், இனி தேவைப்படாதுபோல என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மின்னலிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அவர் மேஜைவரை போனாள். அவர் நிமிர்ந்து, “என்ன பெல், யாராவது வாசல்ல நிக்கிறாங்களா?” என்றார்.

“ஒண்ணுமில்ல சார்” என்று திரும்பிவிட்டாள்.

கதவைச் சாத்தினாள். அலறாமல் இருக்க அலாரத்தைச் சாவி போட்டு நிறுத்தினாள். பிளக்கைப் பிடுங்கினாள். உறுமல் அடங்கியது. வரிசையில் அந்த ஓர் இடம் மட்டும் அமைதியாகக் கிடந்தது, பல் விழுந்த ஈறு மாதிரி.

வீட்டுக்கு வந்து சமையலறையில் காய் நறுக்க உட்கார்ந்தாள். எதிரே நாத்தனார் ஏதோ வேலைத் தேர்வுக்காகப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

“கோல்ட் ஃபீட்னா என்ன தெரியுமா அண்ணி? கடைசி நேரத்துல பயந்து பின்வாங்குறது. கால்ல ஐஸ் வச்சதுன்னு நெனச்சேன் நான்.”

“நம்ம ஊட்ல மட்டும் என்னவாம்? உங்கண்ணன் நேத்து எனக்குக் காது குத்தலையா?”

நாத்தனார் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். “புல் த பிளக். நடந்துக்கிட்டிருக்கிற ஒரு வேலைய, திட்டத்தப் பாதியில நிறுத்திடறது.”

கத்தி நின்றது.

“இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னாள். பெல் கத்தியைக் கீழே வைத்தாள். மூன்றாம் நம்பர் ஃப்ரீசர் இருப்பது மாதிரி மூன்றாம் நம்பர் ஆய்வு என்றும் ஒன்று இருக்கிறது. பெரியவர்களின் சர்க்கரை நோய் பற்றியது. அதற்குப் பணம் வராது என்று ஒரு மாதமாகவே பேச்சு. அந்த ரத்தமெல்லாம் இருப்பது முதல் ஃப்ரீசரில்.

“அண்ணி, ஏன் மூஞ்சி இப்படி வெளிறிப்போச்சு?”

“நான் நெஜமாவே புடுங்கிட்டேன்டி” என்றாள். “எழுந்திரு. வண்டியெடு.”

நாத்தனார் ஸ்கூட்டரை விரட்டினாள். வேலை விட்டு வரும் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் உயிர் போய் உயிர் வந்தது. பெரியவர்கள் என்றால் கூப்பிட்டு இன்னொரு தடவை ரத்தம் எடுக்கலாம். பிறந்த அன்று எடுத்த ரத்தத்தை அந்தக் குழந்தையிடம் மறுபடி எப்படி எடுப்பது? அது தவழ ஆரம்பித்திருக்கும். ஆஸ்பத்திரிக்குக் குழாய்களை வாங்கப் போனபோது ஒரு அம்மா, “இது வீணாப் போயிடாதில்ல?” என்று கேட்டதும், இவள் வாய் நிறைய, “நாங்க பாத்துக்கறோம்மா” என்று சொன்னதும் ஞாபகம் வந்தது.

ஆய்வுக்கூடத்தின் கதவு அவள் அட்டைக்குத் திறக்கவில்லை. வேலை நேரம் முடிந்தால் அந்த அட்டை செல்லாது. காவலாளி கையை விரித்தார்.

“எங்கிட்ட சாவி கெடையாதும்மா. பெரியவரு சொன்னாத்தான்.”

இயக்குநரைக் கூப்பிட்டால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். மின்னலைக் கூப்பிட்டால் அவர் அட்டை வேலை செய்யும். பிளக்கைச் சொருகிவிட்டு, யாருக்கும் தெரியாமல் மூடி மறைத்துவிடலாம். ஆனால் ரத்தம் கெட்டிருந்தால்? கெட்டதை வைத்து யாரோ ஒரு முடிவு எழுதினால்? இயக்குநரின் எண்ணை அழுத்தினாள்.

“சார், யூ செட் புல் த பிளக். ஐ புல்ட். ரியல் பிளக். ஃப்ரீசர் த்ரீ.”

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது. பிறகு, “சிட் டைட்” என்றார். போன் வைக்கப்பட்டுவிட்டது.

“இறுக்கமா உக்காரச் சொல்றாரு” என்றாள் பெல் அழாத குறையாக. “எதுக்குடி?”

“அப்படியே காத்திருங்க, வந்துட்டிருக்கேன்னு அர்த்தம் அண்ணி.”

வீட்டுச் செருப்போடு வந்து சேர்ந்தார் அவர். மூவரும் ஓடினார்கள். பிளக்கைச் சொருகியதும் ஃப்ரீசர் செருமிக்கொண்டு உறும ஆரம்பித்தது. திரையில் மைனஸ் அறுபத்திரண்டு என்று வந்தது. குளிர் மைனஸ் அறுபதைவிடக் குறைந்தால் ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுபத்தொன்று. அறுபது. ஐம்பத்தொன்பது.

“கரண்ட் குடுத்தாச்சே, ஏன் இன்னும் சூடு ஏறுது?” என்று நாத்தனார் கிசுகிசுத்தாள்.

“குளிர் பிடிக்க நேரமாகும்” என்றாள் பெல். கதவைத் திறந்து பார்க்கக் கை பரபரத்தது. திறந்தால் மிச்சக் குளிரும் போய்விடும். இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். இயக்குநர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எப்போதும் நடந்துகொண்டே பேசும் மனுஷன் ஓரிடத்தில் நின்றது அவளை இன்னும் கலங்கடித்தது. ஐம்பத்தொன்பது அசையாமல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு அறுபது ஆனது.

அறுபத்தைந்து வந்த பிறகுதான் அவர் நாற்காலியில் சரிந்தார். மேல்தட்டுப் பெட்டிகளை நாளைக்குச் சோதித்துப் பார்ப்போம் என்றார். நீ கேட்டிருக்கலாம் என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் வேலையைப் பற்றி, “லெட் மீ ஸ்லீப் ஆன் இட்” என்றார்.

பெல் பழக்கதோஷத்தில் தலையை ஆட்டினாள். வாசலை நோக்கிப் போனவள், பாதியில் நின்று திரும்பினாள்.

“சார், அப்படின்னா என்ன?” என்று இங்கிலீஷில் கேட்டாள். “எதன்மேல் தூங்கப் போகிறீர்கள்?”

இயக்குநர் அவளையே பார்த்தார். ராத்திரி யோசித்துவிட்டுக் காலையில் சொல்கிறேன் என்று, ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னார். சர்க்கரை நோய் ஆய்வுக்கு இனிமேல் ரத்தம் வாங்க வேண்டாம் என்று சொன்னால் போதுமாயிருந்தது, அதைச் சொல்லத் தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் சோதனை முடிவு வந்தது. கதவை ஒட்டி மேல்தட்டில் இருந்த ஒரு பெட்டியைக் கழித்துக் கட்ட வேண்டியதாயிற்று. மற்றவை தப்பின. அவளுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை ஒன்று கிடைத்தது; வேலை போகவில்லை. ஆனால் கழித்துக் கட்டிய பெட்டியின் பெயர்களை அவளே வாசித்து நீக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக வாசித்தாள். அந்த அம்மாவின் குழந்தை அதில் இருந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. முகம் ஞாபகம் இருந்தது, பெயர் இல்லை.

மின்னல் மெதுவாக நடந்து வந்து அவள் மேஜையருகே நின்றார்.

“நேத்து எங்கிட்ட அதைக் கேக்கத்தான் வந்தியாம்மா?”

“ஆமா சார்.”

மின்னல் திரும்பிப் போகவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பாதிப் பேரை நான் வாசிக்கிறேன், நீ அடிச்சு நீக்கு” என்றார்.