ஜோலீன் வைத்த அளவு

போன வருடக் கண்காட்சியில் மைத்துனன் கேலனிடம் தோற்றதை மறந்துவிட்டதாகத்தான் வெர்லின் ஹாவர்காம்ப் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லிக்கொண்டே பனிக்காலம் முழுவதும் கொட்டகையில், பானெட்டைத் திறந்துபோட்ட தன் டீசல் பிக்கப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

தோற்றது கையகலத் தூரத்தில். அயோவாவின் அந்த மூலையில் சோளமும் பன்றியும் வளர்ப்பவர்கள் ஜூலைக் கண்காட்சியில் வண்டிப் பந்தயம் நடத்துவார்கள். பந்தயம் என்றால் ஓட்டமில்லை, இழுவை. வண்டிக்குப் பின்னால் ஓர் இரும்புச் சறுக்கைக் கட்டிவிடுவார்கள். வண்டி முன்னே போகப்போக சறுக்கின் மேலிருக்கும் எடைப்பெட்டியும் நகர்ந்து வந்து மண்ணை அழுத்தும். எப்பேர்ப்பட்ட வண்டியும் ஓரிடத்தில் நின்றுதான் ஆகவேண்டும். யார் தள்ளிப்போய் நிற்கிறார் என்பதில்தான் மானம் இருந்தது.

கேலன் வெர்லினின் மனைவி ஜோலீனின் அண்ணன். ஞாயிறு ஆராதனை முடிந்து காபி குடிக்கும் இடத்தில் அவன் வெர்லினை விடுவதே இல்லை.

"என்ன மாப்ள, வண்டி இப்போ மாட்டு டிரெய்லரயாச்சும் இழுக்குதா? இல்ல, என் தங்கச்சி பின்னாலருந்து தள்றாளா?"

"தள்ற நெலம வந்தா உன்னயக் கூப்பிடறேன் மச்சான். உடம்பு உனக்குத்தான் இருக்கு."

பதில் சொல்லிவிட்டு வந்தாலும் அன்று மதியம் வெர்லின் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கொட்டகைக்குப் போனான். தோல்விக்குக் காரணம் டர்போவில் இருக்கிறது என்று அவன் முடிவு கட்டியிருந்தான். எஞ்சின் விடும் புகைதான் டர்போவின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரம் சுழலச் சுழல எஞ்சினுக்குள் காற்று திணிக்கப்படுகிறது. அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால், பக்கத்திலிருக்கும் வேஸ்ட்கேட் என்னும் சின்னக் கதவு திறந்து, புகையைச் சக்கரத்தில் படாமல் வெளியே அனுப்பிவிடும்.

"அந்தக் கதவுதான் ஜோ நம்ம எதிரி. இழுக்கற நேரம் பாத்துத் தொறந்துக்குது," என்றான் மனைவியிடம்.

"கதவு வச்சவன் எதுக்கோ வச்சிருப்பான்ல?"

"பயந்தாங்கொள்ளிங்களுக்கு வச்சது."

 கன்றுகளைச் சந்தைக்கு ஏற்றிப்போவது ஜோலீனின் வேலை. அந்த வண்டியை அவள்தான் அதிகம் ஓட்டினாள்.

வெர்லின் அந்தக் கதவைப் பிடித்திருந்த பழைய மூடியைக் கழற்றிவிட்டு, கதவை இன்னும் இறுக்கிப் பிடிக்கும் புதியதைப் பூட்டினான். அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு திருகு வைத்தான். அதை வலப்புறம் திருகினால் கதவு தாமதமாகத் திறக்கும். இடப்புறம் முழுக்கத் தளர்த்திவிட்டால் கம்பெனி வைத்த பழைய அளவிலேயே திறக்கும். அதையும் அவனே சோதித்துப் பார்த்திருந்தான். எதற்கு என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. சுத்தமாக வேலை செய்கிறவன், அவ்வளவுதான்.

வசந்தத்தில் ஜல்லி ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது அழுத்தம் காட்டும் கேஜின் முள் எகிறியது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. டர்போவின் விசிலைக் கேட்டு அடுத்த பண்ணை பால்மரின் வான்கோழிகள் ஒட்டுமொத்தமாக ஒரு மூலையில் போய் அப்பிக்கொண்டன.

"ஹெட் கேஸ்கட் வெடிச்சு எஞ்சின் போச்சுன்னா கன்னுக்குட்டிய நீதான் தோள்ல போட்டுட்டு சந்தைக்கு நடக்கணும்," என்றாள் ஜோலீன்.

"போகாது."

கண்காட்சியன்று மத்தியானம் ஒரு மழை அடித்து ஓய்ந்தது. களத்து மண் மேலாகக் காய்ந்து, உள்ளே கொழகொழவென்றிருந்தது. கேலன் முதலில் இழுத்து நல்ல தூரம் போய் நின்றான். அடுத்து வெர்லின். திருகை வலப்புறம் போகிறவரை திருகினான். கொடி இறங்கியதும் மிதித்தான். விசில் ஊரைப் பிளந்தது. நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் சுழன்று நின்ற இடத்திலேயே குழி பறித்தன. பின்னால் சேறு மழையாகப் பெய்தது. வண்டி கேலனின் தூரத்தில் பாதியைக்கூடத் தொடவில்லை.

கேலன் எலுமிச்சைச் சாறு கோப்பையோடு வந்து நின்றான். "கெணறு வெட்டப் போறேன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் போட்டிக்கே வந்திருக்க மாட்டேனே மாப்ள."

"இன்னும் ஒரு சுத்து திருகியிருக்கணும்," என்றான் வெர்லின். மனதார நம்பித்தான் சொன்னான்.

ஆண்கள் முடித்தபின் பெண்களுக்கான இழுவை. அதே களம், அதே சறுக்கு, அதே எடை. ஜோலீன் வருடா வருடம் கலந்துகொள்வாள். தேவாலயப் பெண்கள் எல்லோரும் இறங்கும்போது தான் மட்டும் ஒதுங்கி நிற்க வேண்டாமே என்றுதான். அதே பிக்கப்பில் ஏறிக் கதவைச் சாத்தியவள், திங்கட்கிழமைச் சந்தையை நினைத்துக்கொண்டு திருகை இடப்புறம் நிற்கிறவரை தளர்த்திவிட்டாள். பிறகு, கன்றுகள் ஏற்றிய டிரெய்லரை எப்படிக் கிளப்புவாளோ அப்படிக் கிளப்பினாள்.

சக்கரம் வெறுமனே சுழலவில்லை, மண்ணைக் கடித்தது. வெர்லின் வெட்டிய குழியைத் தாண்டி, கேலன் நின்ற இடத்தைத் தாண்டி, இன்னும் ஒரு வண்டி நீளம் போய்த்தான் நின்றாள். மைக் பிடித்திருந்தவர் தூரத்தை ஒருமுறை அறிவித்துவிட்டு, சந்தேகம் வந்து, அளவுக் கயிறு பிடித்தவரிடம் கேட்டு மறுபடி அறிவித்தார்.

கூட்டம் வெர்லின் பக்கம் திரும்பியது. அவனுக்கே ஒன்றும் புரியவில்லை. ஆனால் வாய் அவனைக் கேட்டா பேசுகிறது?

"கன்ட்ரோல் எதுக்கு வைக்கறதுன்னு நெனச்சீங்க?" என்றான். "ஜோவுக்குன்னு ஒரு அளவு தனியா செட் பண்ணி வச்சிருந்தேன்."

வீட்டுக்குப் போகும் வழியில் ஜோலீன் சொன்னாள். "நான் அத முழுசாத் தளத்திட்டேன் வெர்லின். வண்டி கெட்ருமேன்னு."

அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். "அது கம்பெனி அளவு ஜோ."

"அப்படியா," என்று அவள் ஒரு பெப்பர்மின்ட்டைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். "நல்ல அளவாத்தான் இருக்கு."

மறுநாள் தேவாலய வாசலில் பால்மர் வெர்லினின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் அதயே பூட்டிக் குடுப்பா. ஆனா ஜோலீனுக்கு வச்ச அளவு. நீ வச்சுக்கிட்டது வேணாம்." உண்மையைச் சொல்லிவிட வெர்லின் வாயைத் திறந்தான். சுற்றிலும் நாலு பேர் நின்றிருந்தார்கள். "பொருள வாங்கிட்டு வாங்க," என்று சொல்லி மூடிக்கொண்டான்.

பால்மருக்குப் பின் இன்னொருவர், அவருக்குப் பின் இன்னொருவர். அந்தக் கோடை முழுக்க வெர்லின் நல்ல வண்டிகளின் நல்ல மூடிகளைக் கழற்றி, புதியதைப் பூட்டி, குழாய் இழுத்து, திருகு வைத்து, கடைசியில் எல்லாவற்றையும் கழற்றுவதற்கு முன்னிருந்த அளவுக்கே கொண்டுவந்து நிறுத்தினான். சொந்தக்காரர்கள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து முதுகு சீட்டோடு ஒட்டுவதாகச் சொன்னார்கள். உறுத்தல் தாங்காமல் அவன் யாரிடமும் கூலி வாங்கவில்லை. ஊர் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டது. அது அவனை இன்னும் கொஞ்சம் உறுத்தியது.

அறுவடை முடிந்த ஒரு சனிக்கிழமை காலையில் கேலன் கொட்டகைக்கு வந்தான். கிண்டல் எதுவும் இல்லை. புதிய மூடி இருந்த பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் மெதுவாக வைத்தான்.

வெர்லினுக்கு அன்று எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்போல் இருந்தது. "மச்சான், இதத் திருப்பிக் குடுத்துரு. ஜோ ஜெயிச்சது கம்பெனி அளவுல. உன் வண்டில இப்பவே அதான் இருக்கு. நான் பொய் சொல்லிட்டேன்."

கேலன் சிரித்தான். வெர்லின் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

"பால்மருக்குப் பூட்டுவ. ரோட்டுல போறவனுக்கெல்லாம் பூட்டுவ. எனக்குன்னா மட்டும் இந்தக் கதையா?"

"கதை இல்ல மச்சான். சத்தியமா."

கேலன் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான். ஜோலீன் ஈரக்கையோடு எட்டிப்பார்த்தாள். "அவன் சொல்றது நெசந்தான் அண்ணே. நான்தான் தளத்தினேன்."

"நீ உன் புருஷன விட்டுக்குடுப்பியா? அடுத்த வருஷமும் நான் தோக்கணும், அவ்ளோதான?" கேலன் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய், போக மனமில்லாமல் அங்கேயே நின்றான்.

அத்தனை பெரிய மனிதன் அப்படி நிற்பதைப் பார்க்க வெர்லினுக்குப் பொறுக்கவில்லை. ஸ்பானரை எடுத்தான்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது, திருகு கம்பெனி அளவிலேயே நின்றது. கேலன் வண்டியைக் கிளப்பி ஜல்லி ரோட்டில் ஒரு பெரிய சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான். கண்ணாடியை இறக்கியபோது அவன் முகம் கனிந்திருந்தது.

"இத்தன நாளா இத என்கிட்ட மறச்சிட்டியே மாப்ள."

வெர்லின் கந்தைத்துணியில் கையைத் துடைத்தபடி தலையைக் குனிந்துகொண்டான்.

"மன்னிச்சிடு மச்சான்," என்றான்.