இறக்காமல் விட்ட செயற்கைக்கோள்

தையற்காரரின் கடைக் கூரையில் ஒரு பீரோ நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் வழியே வந்து விழுந்தது என் மகள் இயக்கிவந்த செயற்கைக்கோளின் எரிபொருள் தொட்டி. மற்ற பாகங்களெல்லாம் வரும் வழியிலேயே எரிந்துபோக, இது மட்டும் எரியாமல் வந்து அவருடைய வலது கையை நசுக்கிவிட்டது. வெட்டும் மேசைமேல் ஒரு கால்சட்டைத் துணி, சாக்பீஸ் கோடு போட்டபடி இன்னும் கிடந்தது.

எரிபொருள் வால்வு அடைத்துக்கொண்டதால் விழுந்துவிட்டது என்று மகளின் அலுவலகம் எல்லாருக்கும் சொல்லியிருந்தது. தையற்காரரைப் பார்க்க வண்டியில் வரும்போது நானும் மகளுக்கு அதையே சொல்லிக்கொடுத்தேன்.

"வால்வுன்னு சொல்லிட்டு வந்துடணும். நம்ம வீட்டுப் பேரு இதுவரைக்கும் யார் வாயிலயும் விழுந்ததில்ல."

"வால்வு நல்லாத்தாம்ப்பா இருந்துச்சு."

"அது உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும்."

செயற்கைக்கோளில் கடைசியாக மிஞ்சும் எரிபொருளைத் தொடக் கூடாது. ஆயுள் முடிந்ததும் அதைக்கொண்டுதான் ஆளில்லாத கடலில் பத்திரமாக இறக்குவார்கள். இறக்க நாளும் குறித்தாகிவிட்டிருந்தது. அதை ஏவிய பத்தாம் ஆண்டு விழா வரை பறக்கட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான். சம்பந்தி வீட்டாரையெல்லாம் அழைத்திருந்தேன். கடலில் மூழ்கிப்போனதற்கா அவர்கள் வந்து கைதட்டுவார்கள்?

மகள் தள்ளிப்போட்டாள். அந்த இடைவெளியில் உடைந்த ராக்கெட் துண்டு ஒன்று மோத வந்தது. ஒதுங்காமல் இருக்க முடியாது. ஒதுங்கியதில், இறக்குவதற்கென்று வைத்திருந்த எரிபொருள் முழுவதும் தீர்ந்தது. விழாவன்று முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். மேடையில் அவள் முகம் செத்துக் கிடந்தது. வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

"உட்காருங்கய்யா. நீயும் உட்காரும்மா," என்றார் தையற்காரர். "மேல ஓட்டையைப் பார்த்துப் பயப்படாதீங்க. இப்பல்லாம் பகல்ல லைட்டே போடறதில்ல." நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இவருக்கு எல்லாத்துலயும் கிண்டல்," என்றாள் அவர் மனைவி. "கத்திரி பிடிக்க விரல் வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதையும் கிண்டல் பண்றார்."

"வால்வு அடைச்சா யாரு என்ன பண்ண முடியும்? என் மெஷின்லயும்தான் நூல் சிக்கும்," என்றார் தையற்காரர்.

மகள் என்னைப் பார்த்தாள். கட்டுப்பாட்டு அறையில் அவள் சொல்லுக்கு எல்லாரும் காத்திருப்பார்கள்; அவளோ என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். நான் தொண்டையைச் செருமினேன். எங்கள் வீட்டில் அதற்கு 'வாயை மூடு' என்று பொருள்.

"வால்வு இல்லண்ணே," என்றாள் அவள். "அதை முன்னாடியே கடல்ல இறக்கியிருக்கணும். நான்தான் தள்ளிப்போட்டேன்."

மனைவி கணவரைப் பார்த்தாள். "எதுக்கும்மா தள்ளிப்போட்டே?"

மகள் தரையைப் பார்த்தாள். தன் பங்கைச் சொல்லிவிட்டாள். என் பங்கைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"எனக்காக," என்றேன். "சொந்தக்காரங்க முன்னாடி நான் பெருமையடிச்சுக்கணும்னு."

தையற்காரர் கேலியாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கட்டுப்போட்ட கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த நாற்காலி துணி தைக்க வர்றவங்களுக்கு," என்றாள் அவர் மனைவி. "எந்திரிங்க."

எழுந்தேன். மகள் அவ்வளவு நேரமும் உட்காரவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.